ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல குவேக்கர் தாத்தா கிடைக்க மாட்டார்

கேள்வி: என் மருமகன் பென்சில்வேனியாக்காரர். அவங்க குடும்பத்துல முதல்ல வந்தவர் வேல்ஸ்ல இருந்து 1682ல பென்சில்வேனியாவ நிறுவின வில்லியம் பென் கூடவே கப்பல்ல வந்த குவேக்கர்னு, அதாவது அந்தக் கிறிஸ்தவப் பிரிவுக்காரர்னு சொல்றாங்க. பேரனுக்காக எழுதி வைக்கலாம்னு தேடினா சர்ச் ரெக்கார்டுல ஞானஸ்நானமும் இல்ல, கல்லறைக் கல்லும் இல்ல, 1740க்கு அப்புறம் அந்தப் பேரே காணோம். எங்க தேடணும்?

பதில்: அம்மா, குவேக்கருங்க ஞானஸ்நானம் குடுக்கறதே இல்ல, சம்பளப் பாதிரியாரும் கிடையாது, கல்லறைல பேர் வெட்டறதயும் அந்தக் காலத்துல வீண் பெருமைன்னு ஒதுக்கிட்டாங்க. ஆனா எழுதி வைக்கறதுல அவங்கள அடிச்சுக்க ஆளே இல்ல. மாசாமாசம் கூடற மந்த்லி மீட்டிங்குக்கு ஆம்பளைங்க நோட்டு தனி, பொம்பளைங்க நோட்டு தனி, அது போக பிறப்பு, இறப்பு, கல்யாணத்துக்கு ரெஜிஸ்டர். அதனால உங்க முதல் வேலை அந்தக் குடும்பம் எந்த மந்த்லி மீட்டிங்ல இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கறதுதான். வேல்ஸ்காரங்க பெரும்பாலும் பிலடெல்ஃபியாவுக்கு மேற்கே மெரியன், ஹேவர்ஃபோர்ட், ராட்னர் பக்கம் குடியேறினாங்க, அதனால ராட்னர் மந்த்லி மீட்டிங்ல ஆரம்பிங்க. அந்த நோட்டுங்க ஸ்வார்த்மோர் காலேஜ்லயும் ஹேவர்ஃபோர்ட் காலேஜ்லயும் இருக்கு, ஸ்கேன் பண்ணது ஆன்செஸ்ட்ரிங்கற வம்சாவளி தேடற தளத்துலயும் கிடைக்கும்.

ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குக் குடி போனா பழைய மீட்டிங் ஒரு சர்டிஃபிகேட் குடுக்கும், இவர் ஒழுங்கானவர், கடன் கிடன் இல்ல, கல்யாணம் ஆனவரா ஆகாதவரான்னு, அதை புது மீட்டிங்ல வாசிச்சு பதிஞ்சுக்குவாங்க. அதைப் புடிச்சுகிட்டே பின்னாடி பின்னாடி போனா கடல் தாண்டி இங்கிலாந்து வேல்ஸ் மீட்டிங் வரைக்கும் போயிடலாம். அமெரிக்காவுல காடு மலை தாண்டி வழி கண்டுபிடிச்சுப் பேர் வாங்கின டேனியல் பூன் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, அவரோட தாத்தா ஜார்ஜ் பூன் 1717ல இங்கிலாந்தோட டெவன்ல இருந்து வந்தப்ப கொண்டு வந்த சர்டிஃபிகேட்ட க்வினெட் மீட்டிங்ல வாசிச்சது நோட்டுல இருக்கு.

இப்ப அந்த 1740 விஷயம். பேர் திடீர்னு நின்னு போச்சுன்னா ஆள் செத்துட்டாருன்னு முடிவு பண்ணிடாதீங்க, மீட்டிங்ல இருந்து விலக்கி வச்சிருக்கலாம், அதுவும் நிறைய தடவ குவேக்கர் இல்லாத வெளி ஆளக் கல்யாணம் பண்ணதுக்காக. பூன் குடும்பத்துலயே பாருங்க, டேனியலோட அப்பா ஸ்கொயர் பூன், பொண்ணு 1742ல குவேக்கர் அல்லாதவரக் கட்டிக்கிட்டதுக்கு மீட்டிங் முன்னாடி மன்னிப்பு கேட்டார், 1747ல பையன் இஸ்ரேலும் அப்படியே பண்ணப்ப மன்னிப்பு கேக்க மாட்டேன்னு நின்னுட்டார், 1748ல விலக்கி வச்சுட்டாங்க, 1750ல குடும்பத்தோட வட கரோலினா பக்கம் கிளம்பிட்டார். எனக்கு இந்த மாதிரி பக்கங்கள்தான் ரொம்பப் புடிக்கும், ஏன்னா வெறும் பேரும் தேதியுமா இருந்த மனுஷங்க அங்கதான் பேசறாங்க. பொண்ணுங்க விஷயம்னா பொம்பளைங்க நோட்டுலதான் முதல்ல வரும், அதை விட்டுடாதீங்க. விலக்கினதுக்கு அப்புறம் கவுண்டி ஆஃபீஸ்ல உயில், நிலப் பத்திரம், வரிப் பட்டியல் பாக்கணும், குவேக்கர் அல்லாத சர்ச்சுங்களான பிலடெல்ஃபியா கிறிஸ்ட் சர்ச், குளோரியா டெய் சர்ச் கல்யாண ரெஜிஸ்டரும் பாக்கணும்.

தேதில மட்டும் ரொம்ப கவனம். அவங்க மாசப் பேர் எழுத மாட்டாங்க, நம்பர்தான், ஆனா 1752க்கு முன்னாடி வருஷம் மார்ச்லதான் தொடங்கும், அதனால முதல் மாசம்னா மார்ச், ஏழாம் மாசம்னா செப்டம்பர். 1699 பன்னெண்டாம் மாசம்னு இருந்தா இப்போதைய கணக்குல 1700 பிப்ரவரி. இதைத் தெரியாம ஆன்லைன் வம்ச மரங்கள்ல ஏழாம் மாசத்தை ஜூலைன்னு போட்டு ஒருத்தரப் பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சு வச்சிருக்காங்க, ஒரிஜினல் பக்கத்தைப் பாக்காம எழுதாதீங்க.

இன்னொண்ணு, வேல்ஸ்காரங்களுக்கு அப்ப நிலையான குடும்பப் பேர் கிடையாது, நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பேர்தான் பின்னாடி வரும். தாமஸோட பையன் ஜான் தாமஸ், அவர் பையன் ராபர்ட் ஜான். ரெண்டு பேரும் வேற குடும்பம்னு தோணும். 'ஆப்'ன்னா மகன், ஆப் ஹவல் பவல் ஆச்சு, ஆப் ரீஸ் ப்ரைஸ் ஆச்சு. இந்தக் குழப்பத்துக்கு மருந்து கல்யாண சர்டிஃபிகேட்தான், வந்திருந்த அத்தனை பேரும் அதுல கையெழுத்து போடுவாங்க, சொந்தக்காரங்க பெரும்பாலும் மாப்பிள்ளை பொண்ணு பேருக்குக் கீழயே இருப்பாங்க.

பென் வந்த 'வெல்கம்' கப்பலுக்கு அப்ப எழுதின பயணிகள் பட்டியல்னு ஒண்ணு மிஞ்சல, உயில் அது இதுன்னு வச்சு பின்னாடி சேர்த்ததுதான். அந்தக் கப்பல்னு சொல்லிக்கற குடும்பம் ஏராளம், ஆதாரம் கைல கிடைக்கற வரைக்கும் "குடும்பத்துல சொல்றாங்க"ன்னே எழுதுங்க.

உயில், சொத்துப் பட்டியல் படிக்கறப்ப மாடு, கட்டில் வரிசைல அடிமையா வச்சிருந்த மனுஷங்க பேரும் வரலாம். குவேக்கருங்க நிறைய பேர் வச்சிருந்தாங்க, 1688லயே ஜெர்மன்டவுன்ல நாலு பேர் எதிர்த்து எழுதிக் குடுத்தும் வருஷத்துக்கு ஒரு தடவ கூடற பெரிய சபையான பிலடெல்ஃபியா இயர்லி மீட்டிங் 1776லதான் அடிமை வச்சிருந்தா விலக்குவோம்னு முடிவு பண்ணுச்சு. அப்படி ஒரு பேர் வந்தா தயவு செஞ்சு மறைக்காம பேரனுக்கு எழுதி வைங்க, அடிமைகள விடுவிச்சு எழுதின விடுதலைப் பத்திரங்கள் ஹேவர்ஃபோர்ட் காலேஜ்ல இருக்கு, தாத்தாவத் தேடறப்பவே அந்த மனுஷரோட பேரையும் அங்க தேடுங்க.