பார்ஜை இறக்கியாச்சு, கரைக்கு யார் இழுப்பது?

கேள்வி: பயிற்சி வகுப்புக்காக, கப்பலிலிருந்து சரக்கைக் கரைசேர்க்கும் ஒரு தரையிறக்கத் திட்டம் எழுதுகிறேன். துறைமுகம் இல்லாத கரை. பார்ஜ்களை, அதாவது சரக்கு மிதவைகளை, சுமந்துவரும் ‘லாஷ்’ கப்பல் ஒன்று போதாதா? பார்ஜை இறக்கிக் கரைக்கு அனுப்பிவிடலாமே?

பதில்: இறக்குவது வரை சரி, அதற்கு மேல்தான் சிக்கல். 1969-ல் வந்த லாஷ் கப்பல், மிசிசிப்பி, ரைன் போன்ற நதித்துறைகளுக்காக உருவானது. சுமார் 500 டன் தூக்கும் கிரேன் ஒன்று தளத்தின் மேல் தண்டவாளத்தில் ஓடி, பார்ஜைக் கப்பலின் பின்பக்கம் கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்கும். நதியில் அழகாக நடக்கும் வேலை. திறந்த கடலில் அலை ஏறி இறங்கும்போது, கம்பியில் தொங்கும் 400 டன் பெட்டியை நினைத்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை பார்ஜேதான். பதினெட்டே முக்கால் மீட்டர் நீளத்தில் ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது, முன்னால் சாய்தளமும் கிடையாது. மணலில் முட்டி நின்றால் உள்ளே இருக்கும் சரக்கை எடுக்கக் கிரேன் வேண்டும். அங்கே கொண்டுவரவே இழுவைப் படகு வேண்டும். அமெரிக்க ராணுவத்துக்கும் இது தெரியும். இந்தியப் பெருங்கடல் தீவான டியேகோ கார்சியாவில் லாஷ் கப்பல்களில் வெடிமருந்தை ஏற்றித் தயாராக நிறுத்திவைத்த காலத்தில், இழுவைப் படகுகளையும் தரையிறங்கு கலங்களையும் சுமக்கவே ‘அமெரிக்கன் கார்மொரன்ட்’ என்று தனிக் கப்பல் ஒன்றும் அங்கே இருந்தது.

என்னைக் கேட்டால், பார்ஜ் சுமக்கும் கப்பல்களில் ‘சீபீ’ வகையைப் பாருங்கள். 1972 வாக்கில் அமெரிக்காவில் மூன்று கட்டினார்கள். கிரேனுக்குப் பதில் பின்பக்கம் 2,000 டன் தூக்கும் மேடை. அது தண்ணீருக்குள் அமிழும், கலம் மிதந்தபடி மேலே வந்து நிற்கும், மேடை உயரும். தொங்கல் இல்லை. பார்ஜ் மட்டுமல்ல, தரையிறங்கு கலம், மிதவைப் பாலத் துண்டு எல்லாம் ஏறும். 1980-களில் அமெரிக்க அரசு மூன்றையும் வாங்கி ‘கேப்’ பெயர்கள் சூட்டியது இதற்காகத்தான்: கேப் மே, கேப் மோஹிகன், கேப் மெண்டோசினோ.

ஆனாலும் கடைசி ஒரு மைல் அலையின் கையில்தான். 2024 மே மாதம் காசா கரையில் அமெரிக்கர்கள் நிறுவிய மிதவைத்துறை, இரண்டு வாரம் ஆவதற்குள் கொந்தளிப்பில் உடைந்தது. எனவே உங்கள் திட்டத்தில் ஒவ்வொரு பார்ஜுக்கும் எதிரே அதை இழுக்கும் படகு எது, கரையில் எடுக்கும் கிரேன் எது, கடல் முரண்டு பிடித்தால் எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்று எழுதுங்கள். மதிப்பெண் போடுபவர் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.