காட்டோர மண்ணில் நூற்புழு அதிகம்: மருந்து போட வேண்டுமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம், ஊடே மிளகு. மேல் எல்லை காட்டை ஒட்டியது. நூற்புழு (மண்ணில் வாழும் நுண்ணிய, நூல் போன்ற புழு) இருக்கிறதா என்று பார்க்க மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தேன். நடுத்தோட்டத்தைவிடக் காட்டோரத்தில் நூற்புழு மிக அதிகம், பெரும்பாலும் பாக்டீரியா தின்பவை என்று அறிக்கை வந்தது. கரிமமும் (கார்பன்) அங்கே கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் செடிகள் செழிப்பாக இருப்பதும் அங்கேதான். நடுவில்தான் சில மிளகுக் கொடிகள் மஞ்சளாகின்றன. உரக்கடைக்காரர் தோட்டம் முழுக்க, நூற்புழுவைக் கொல்லும் குருணை மருந்து போடச் சொல்கிறார். போடலாமா? காட்டு மண்ணை அள்ளி வந்து நடுவில் பரப்பினால் பலன் உண்டா?

பதில்: போடாதீர்கள். காட்டோரத்தில் நிச்சயமாக வேண்டாம். உங்கள் அறிக்கை அங்கே நோயைக் காட்டவில்லை, மண் வேலை செய்வதைத்தான் காட்டுகிறது.

பயிரைத் தாக்கும் நூற்புழுவின் வாயில் ஊசி போன்ற குழல் இருக்கும். அதை வேரில் குத்தித்தான் சாற்றை உறிஞ்சும். பாக்டீரியா தின்பவைக்கு ஊசி கிடையாது. திறந்த குழாய் வாயால் மண் நீரோடு பாக்டீரியாவை உள்ளே இழுத்து, தொண்டையின் அடிக்குமிழில் அரைத்து விழுங்கும். உங்கள் காப்பி வேரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பூஞ்சை தின்னும் நூற்புழுவுக்கும் சிறிய ஊசி உண்டு. பழக்கமில்லாத கண் அதைப் பயிர் எதிரி என்று எண்ணிவிடும்.

நூற்புழு பாக்டீரியாவைத் தின்பதால் உங்களுக்கு என்ன லாபம்? பாக்டீரியாவின் உடலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 4 முதல் 5 பங்கு கரிமம்தான். நூற்புழுவுக்கு அதைவிடக் கூடுதல் விகிதத்தில் கரிமம் வேண்டும். உடல் வளரவும் கரிமம், மூச்சுக்குச் செலவாவதும் கரிமம். ஆகவே தின்றதில் மிஞ்சும் தழைச்சத்தை அம்மோனியமாக வெளியே விட்டுவிடும். அது வேருக்கு அருகிலேயே நடப்பதால் செடி எடுத்துக்கொள்கிறது. காட்டோரச் செடிகளின் செழிப்பில் இதற்கும் பங்கு உண்டு.

இனி கரிமம். 2019இல் ‘நேச்சர்’ இதழில் வந்த உலக அளவிலான நூற்புழுக் கணக்கெடுப்பும் மண் கரிமம் கூடும் இடத்தில் நூற்புழு கூடுகிறது என்றே காட்டியது. ஆனால் அறிக்கையில் உள்ள கரிம விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. வீட்டுச் சாமான்களையும் அரிசிப் பானையையும் சேர்த்து எடை போட்டுச் சொன்ன கணக்கு அது. களிமண்ணோடு ஒட்டிக் கிடக்கும் பழைய மட்கு பாக்டீரியாவுக்கு எளிதில் கிடைக்காது. அன்றாடம் கிடைப்பது புதிதாக உதிர்ந்த இலையிலிருந்து மழையில் கரைந்து இறங்குவதும், உயிருள்ள வேர்கள் கசியவிடும் சர்க்கரையும்தான். காட்டோரத்தில் பல மரங்களின் இலையும் வேரும் ஆண்டு முழுக்க இதைக் கொடுக்கின்றன. பாக்டீரியா பெருகுகிறது, பின்னாலேயே நூற்புழுவும் பெருகுகிறது. பாக்டீரியா குறைந்தால் சில இனங்கள் தின்பதை நிறுத்தி உறங்குநிலைக் குஞ்சாக மாறிக் காத்திருக்கும்.

பழைய மட்குக்கும் வேறொரு வேலை இருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நூற்புழுவால் மண்ணைத் துளைத்துப் போக முடியாது. ஏற்கெனவே உள்ள துளைகளில், மண் துகள்மேல் படிந்த மெல்லிய நீர்ப்படலத்தில்தான் நெளிந்து போகும். பாக்டீரியாவோ அதைவிடப் பல மடங்கு சிறிய துளைக்குள் ஒளிந்துகொள்ளும். மட்கு சேர்ந்த மண் பொலபொலவென்று இருப்பதால் பெரிய துளையும் சிறிய துளையும் கலந்திருக்கும், ஈரமும் நிற்கும். அங்கே நூற்புழுவுக்கு இரை எட்டுகிறது. ஒளிந்த பாக்டீரியா மிஞ்சி மறுபடி பெருகுகிறது. மிதிபட்டு இறுகிய மண்ணில் பாக்டீரியா இருந்தும் நூற்புழுவால் நெருங்க முடியாது. ஆள் நடக்கும் தடத்திலும் மூட்டை இறக்கும் இடத்திலும் மண் எடுத்துச் சோதித்தால் இந்த வித்தியாசம் தெரியும்.

எல்லா இலையும் ஒன்றல்ல. நடுத்தோட்டத்து நிழல் பெரும்பாலும் சில்வர் ஓக் என்றால், அதன் இலை மெதுவாகத்தான் மட்கும். தழைச்சத்து குறைந்த அத்தகைய சருகைப் பூஞ்சைதான் முதலில் பிடிக்கும். அது கெடுதல் இல்லை, ஆனால் பாக்டீரியா வழியாகத் தழைச்சத்து விரைவில் சுழலாது. முள்முருங்கை, கிளைரிசிடியா தழையைக் கவாத்து செய்து சருகோடு கலந்து பரப்புங்கள். தோண்டிப் புதைக்க வேண்டாம். களையை மண் தெரியும்வரை செதுக்குவதையும் நிறுத்துங்கள். காப்பிப் பழத்தோலைப் பச்சையாகக் கொட்டாமல் சாணத்தோடு மட்கவைத்தே போடுங்கள். போட்ட சில வாரங்களில் நூற்புழு எண்ணிக்கை திடீரென்று ஏறும். அப்போது சோதனைக்குக் கொடுத்தால் மறுபடி பயந்துபோவீர்கள்!

காட்டு மண் வேண்டவே வேண்டாம். காப்புக்காட்டில் மண் அள்ளுவது குற்றம். பலனும் நிற்காது. இரை இல்லாத இடத்தில் கொண்டுவந்து விட்ட நூற்புழு எத்தனை நாள் இருக்கும்? நடுத்தோட்டத்தில் இரையைச் சேர்த்தால், அங்கே ஏற்கெனவே இருப்பதே பெருகும்.

மஞ்சளாகும் மிளகு தனிச் சங்கதி, அதை விட்டுவிடாதீர்கள். வேர்முடிச்சு நூற்புழுவும் வேரைக் குடையும் நூற்புழுவும் மிளகில் மெதுவாக வாடவைக்கும் நோய்க்குக் காரணம். மஞ்சளான கொடியின் தூரைச் சுற்றி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணோடு சல்லி வேரையும் எடுங்கள். பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல், காயவிடாமல் கொண்டுபோங்கள். மொத்த எண்ணிக்கை வேண்டாம், பயிரைத் தாக்கும் இனங்களைத் தனித்தனியே எண்ணித் தரச் சொல்லுங்கள். அராபிகா வகைக் காப்பிச் செடி எதுவும் வாடினால் அதன் வேரையும் சேர்த்துக் கொடுங்கள். காப்பி வேரைப் புண்ணாக்கும் நூற்புழு வேறு இனம். அது இருந்தால் மறுநடவுக்கு ரொபஸ்டா வகைக் காப்பி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய அராபிகா நாற்றே நல்லது.

மிளகில் உறுதியானால் அந்தக் கொடிகளுக்கு மட்டும் மழை ஈரத்தில் கொடிக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு வையுங்கள். தூரில் தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுங்கள். கடைக்காரர் சொன்ன குருணை எது என்று நீங்கள் எழுதவில்லை. போரேட் என்ற பூச்சிக்கொல்லி என்றால் 2020 டிசம்பர் 31 முதலே அதற்குத் தடை. வேறு குருணை மருந்தானாலும் பாக்டீரியா தின்பவையும் சேர்ந்து சாகக்கூடும். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உங்களுக்குப் பக்கம்தான். வடகிழக்கு மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போதே வேரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கோடையில் மண் காய்ந்தபின் எடுத்தால் எண்ணிக்கை குறைத்துத்தான் காட்டும்.