கிராம சபை: அக்டோபர் 2-க்கு முன் முடிக்க வேண்டிய வேலை

உள்ளாட்சித் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

நான்கு வருடமாக ஒவ்வொரு கிராம சபையிலும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிறோம். "எழுதிக்கொண்டோம்" என்கிறார்கள். அதோடு சரி. நாங்கள் எங்கே தவறுகிறோம்?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

தவறு உங்கள் கோரிக்கையில் இல்லை. கேட்கும் தேதியிலும் கேட்கும் விதத்திலும்தான் இருக்கிறது.

முதலில் தேதி. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் உருவாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான். 2018 முதல் இதற்கென்றே நாடு முழுவதும் மக்கள் திட்ட இயக்கம் நடக்கிறது. கிராம சபை ஒப்புதல் தந்ததும் திட்டம் இ-கிராம ஸ்வராஜ் இணையதளத்தில் ஏறிவிடும். அதில் இல்லாத வேலைக்கு நிதிக்குழு மானியத்திலிருந்து (நிதிக்குழு பரிந்துரைப்படி மத்திய அரசு தரும் பணம்) எடுப்பது கடினம். ஜனவரி 26 அன்று எழுந்து நின்று கேட்டால், அந்த வண்டி ஏற்கெனவே போய்விட்டது. ஆகஸ்ட் 15 அன்று பேச்சைத் தொடங்கி, அக்டோபர் 2 அன்று தீர்மானமாக்குங்கள்.

அடுத்தது கேட்கும் விதம். "தண்ணீர் வரவில்லை" என்பது குறை. அதை வைத்து ஒன்றியத்தின் பணி மேற்பார்வையாளர் மதிப்பீடு போட முடியாது. குறையை வேலையாக மாற்றித் தர வேண்டும். அதற்கு ஒரு 15 லிட்டர் வாளியும் கைப்பேசியும் போதும். தண்ணீர் விடும் நேரத்தில் தெருவின் முதல் வீட்டுக் குழாயில் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது, கடைசி வீட்டில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரே நாளில் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து எழுதுங்கள்.

முதல் வீட்டில் ஒன்றரை நிமிடம், கடைசி வீட்டில் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர், கடைசி வீட்டுக்கு 3 லிட்டர். ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டால் ஒருவருக்கு 600 லிட்டர், மற்றவருக்கு 180 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர் வேண்டும். கடைசி வீட்டுக்கு 40 லிட்டர் குறைகிறது, முதல் வீட்டிலோ வழிந்து ஓடுகிறது.

இந்தக் கணக்கு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடும். முதல் வீடு, கடைசி வீடு இரண்டிலும் சொட்டு சொட்டாக வந்தால் சிக்கல் மேல்நிலைத் தொட்டியிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ இருக்கிறது. கடைசியில் மட்டும் குறைந்தால் தொட்டியில் தண்ணீர் உண்டு, பகிர்மானக் குழாயில்தான் பிரச்சினை: யாரோ நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சலாம், தெரு பிரியும் இடத்தில் வால்வு இல்லாமல் இருக்கலாம், பத்து வீட்டுக்குப் போட்ட குழாயில் முப்பது வீடு சேர்ந்திருக்கலாம். ஊரில் எல்லோரும் உடனே கேட்பது புது போர்வெல். அதையும் போட்டுக் கொடுப்பார்கள். பல லட்சம் செலவான பிறகும் கடைசி வீட்டம்மா குடத்தோடுதான் நிற்பார். உங்களுக்கு வேண்டியது இரண்டு வால்வும் ஒரு தனிக் கிளைக் குழாயுமாக இருக்கலாம்.

தீர்மானத்தை இப்படி எழுதச் சொல்லுங்கள்: "4-ஆவது வார்டு, கிழக்குத் தெரு, கதவு எண் 12 முதல் 41 வரை, 180 மீட்டர் நீளத்துக்குத் தனிப் பகிர்மானக் குழாயும் இரண்டு வால்வுகளும் அமைக்க வேண்டும், பயன்பெறும் வீடுகள் 30." இடம், அளவு, பயன்பெறுவோர் மூன்றும் இருந்தால் மதிப்பீடு தயாரிக்க ஆள் வந்துதான் ஆக வேண்டும். சாலை, வடிகால் என்றால் சர்வே எண்ணும் அவசியம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (நிலம் யாருடையது என்று சொல்லும் ஏடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) முன்பே பாருங்கள். தெரு என்று நாம் நடக்கும் பாதி இடங்கள் ஏட்டில் ஒருவருடைய பட்டாவாக இருக்கும். ஒப்பந்தக்காரர் ஜல்லி இறக்கிய பிறகு நிலத்துக்காரர் தடுத்தால் அந்த ஆண்டு நிதி போனதுதான். பட்டா என்றால் தானப் பத்திரம் பதிவானபிறகு தீர்மானம் போடுங்கள்.

எந்தக் கணக்கிலிருந்து பணம் என்பதையும் சபையிலேயே கேளுங்கள். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில், 2021 முதல் 2026 வரை, 30 சதவீதம் குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், 30 சதவீதம் சுகாதாரத்துக்கும் ஒதுக்க வேண்டியிருந்தது. மீதி 40 சதவீதம் ஊரின் விருப்பமாக இருந்தது, சம்பளம் கொடுக்க மட்டும் கூடாது. குடிநீர் வேலைக்குத் தனிப்பங்கு இருந்தது. சாலையும் தெருவிளக்கும் அந்த 40-இல் முட்டி மோத வேண்டியிருந்தது. அடுத்த நிதிக்குழுக் காலத்தின் பங்கீட்டை ஊராட்சிச் செயலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு முப்பது பேர்கூட வருவதில்லை. பிறகு வேலைத்தளத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்குகிறார்கள். இது செல்லுமா?
– வாசகர், தருமபுரி மாவட்டம்

செல்லாது. குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்வதற்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்சப் பேர், தெளிவாக இருக்கிறது: 500 பேர் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கூட்டம் நடந்த இடத்தில் வந்தவர்களின் எண்ணிக்கை இது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சபை உறுப்பினர்கள்தான்.

ஆனால் கையெழுத்தைவிடப் பெரிய ஆபத்து, தீர்மானப் புத்தகத்தில் விடப்படும் காலி இடம். கூட்டம் முடிந்தபின் "நிரப்பிக்கொள்ளலாம்" என்று விட்ட பக்கத்தில் எந்த வேலையும் ஏறலாம். ஆகவே கலைந்து போகாதீர்கள். கடைசித் தீர்மானத்தை எழுதி, சத்தமாக வாசித்து, அதன் கீழே கோடு போட்டபிறகு கையெழுத்திடுங்கள். ஒன்றியத்திலிருந்து வரும் பற்றாளர் முன்னிலையிலேயே இதைக் கேளுங்கள், அதற்காகத்தான் அவர் அனுப்பப்படுகிறார். படிவம் 30 என்னும் வரவு செலவுச் சுருக்கம் பேனராகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்.

தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "கிராம சபை பற்றிய விவரம்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். தேதியைக் குறிப்பிட்டு, "தீர்மானப் பதிவேட்டின் பக்கங்கள், வருகைக் கையெழுத்துப் பக்கங்கள்" என்று கேளுங்கள்.

எங்கள் ஊராட்சிக்குத் தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். கிராம சபை நடத்துவார்களா?
– வாசகர், மதுரை மாவட்டம்

நடத்தியாக வேண்டும். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அதன்பின் கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு தனி அலுவலருக்கு வந்தது. ஒருவரே பல ஊராட்சிகளுக்குத் தனி அலுவலராக இருப்பதால், உங்கள் ஊருக்கு அவர் நேரில் வராமலும் போகலாம். அப்போது கோரிக்கையை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் உண்டு. உங்கள் விஷயத்தைப் பார்ப்பவர் "கிராம ஊராட்சி" பொறுப்பில் இருப்பவர். மனுவின் முகவரியில் "(கி.ஊ)" என்று எழுதாவிட்டால் தாள் வேறு மேசையில் தூங்கும்.

கூட்டம் எப்போதும் ஊர்த்தெருவில், கோயில் மண்டபத்தில்தான். எங்கள் குடியிருப்பிலிருந்து யாரும் போவதில்லை, போனாலும் பேசுவதில்லை.
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

வழிபாட்டுத் தலத்திலோ மதச்சார்புள்ள இடத்திலோ கிராம சபை நடத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் வேறு குக்கிராமத்தில், சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பதும் விதி. இரண்டுமே ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் மாவட்ட ஆட்சியர்கள் வெளியிடும் அறிவிப்பிலேயே வரும் வாசகங்கள். கடைசி ஆறு கூட்டங்கள் நடந்த இடங்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டம் உங்கள் குடியிருப்பில் வேண்டும் என்று முன்கூட்டியே ஆட்சியருக்கும் (கி.ஊ) அலுவலருக்கும் அனுப்புங்கள். கூட்ட அறிவிப்பு ஏழு நாள் முன்பு வரும். அதற்குப் பிறகு இடம் மாற்றக் கேட்டால் "தாமதம்" என்பார்கள்.

பேசத் தயங்குவது இயல்பு. சபைக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் தெருவிலேயே ஒரு மாலை உட்காருங்கள். தரையில் கோலமாவால் குடியிருப்பின் வரைபடம் போடுங்கள். குழாய்க்கு ஒரு கல், எரியாத விளக்குக்கு ஒரு கரித்துண்டு, தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ஒரு இலை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கையை நீட்டி, "இங்கே இல்லை, சுடுகாட்டுப் பாதையில்தான் முட்டளவு நிற்கும்" என்று திருத்துவார். மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்தவர்களுக்குத்தான் அது தெரியும். எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இருக்காது. அதைப் படமெடுத்து, ஒரு தாளில் மாற்றி வரைந்து, முதல் மூன்று வேலைகளை எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு வழியாகத் தங்கள் தேவைப் பட்டியலைக் கொடுக்க வழி இருக்கிறது. உங்கள் மூன்று வேலைகளும் அதில் ஏறட்டும். சபையில் ஒருவர் வாசித்தால் போதும், மற்றவர்கள் அருகில் நின்றால் போதும்.

கேரளத்தில் மக்கள் திட்டம் வெற்றி என்கிறார்களே, அங்கே மட்டும் எப்படி?
– வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

1996 ஆகஸ்ட் 17-இல் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவானது. கையில் பணம் இருந்ததால் பேச்சுக்கு மதிப்பு வந்தது. இன்னொன்று, அங்கே கிராம சபை வார்டுக்கு ஒன்று. இங்கே முழு ஊராட்சிக்கும் ஒன்று. வார்டுகளில் கேட்டதைத் துறைவாரிப் பணிக்குழுக்கள் திட்டமாக எழுதின, ஓய்வுபெற்ற பொறியாளர்கள் மதிப்பீடுகளைச் சரிபார்த்தார்கள். பணத்தை நம்மால் மாற்ற முடியாது. வார்டு வாரியாக முன்கூட்டியே உட்காருவதையும், ஊரில் உள்ள ஓய்வுபெற்ற ஓவர்சியரை அளவெடுக்கக் கூப்பிடுவதையும் யாரும் தடுக்கவில்லை. நாகர்கோவில் பக்கம் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

நகரத்தில் இருக்கிறோம். பகுதி சபா என்று ஒன்று உண்டாமே?
– வாசகி, சென்னை

உண்டு. 2022-இல் விதிகள் வந்தன. சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதிகள். ஜனவரி இறுதி, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை கூட்ட நாட்கள். பகுதி சபாவில் சொன்னது, மாமன்ற உறுப்பினர் தலைமையிலான வார்டு குழுவுக்குப் போகும். மாநகராட்சி வரவுசெலவுத் திட்டம் மார்ச்சை ஒட்டி வருவதால், பெரிய வேலைகளைச் செப்டம்பரிலும் டிசம்பரிலும் வையுங்கள்.

நகரத்தில் பெரும்பாலான கோரிக்கைகள் சாவது தவறான துறைக்குப் போவதால்தான். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. மழையே பெய்யாத மே மாதத்தில் உங்கள் தெரு மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது கழிவுநீர், யாரோ இணைத்திருக்கிறார்கள். தேதி தெரியும்படி காணொளி எடுத்து இரண்டு துறைப் பொறியாளர்களையும் ஒரே நாளில் கூட்டாய்வுக்கு அழைக்கும்படி சபாவில் பதிவு செய்யுங்கள். தனித்தனியாக அழைத்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போவார்.

வரைவு முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) என் நிலத்தின் மீது சாலை வரைந்திருக்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், கொங்கு மண்டலம்

நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன்படி ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அறிவிப்பு வந்த தேதியை முதலில் பாருங்கள். அந்த இரண்டு மாதத்தை அலட்சியம் செய்யாதீர்கள்: கோவைக்கு 1994 திட்டத்துக்கு அடுத்த வரைவு 2024-இல்தான் வந்தது.

ஊர் முழுக்கக் கையெழுத்திட்ட ஒரே மனு உணர்ச்சியைக் காட்டும், ஆனால் அது ஒரு ஆட்சேபணையாகவே எண்ணப்படலாம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனி மனு கொடுங்கள். பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று மூன்றையும் இணைத்து, வரைபடத்தின் எந்தப் பக்கத்தில் எந்தக் கோடு என்று சிவப்பு மையால் குறியுங்கள். "சாலை வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், அருகில் புறம்போக்கு வழியாகவோ பழைய வண்டிப் பாதை வழியாகவோ கொண்டுபோக முடியுமானால் அதை வரைந்து காட்டுங்கள். மாற்று வழியுள்ள மனுவைத் திட்ட அலுவலர் எடுத்துப் பார்ப்பார். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் ஒரு பிரதி, நேரில் முத்திரையுடன் ஒரு பிரதி. கருத்துக்கேட்புக்கு அழைத்தால் அந்த முத்திரையிட்ட பிரதியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.