எந்த மின்தேக்கியை மாற்றுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷ் எஸ்இ/30 கணினி ஒன்று உள்ளது. இயக்கினால் திரை முழுவதும் கிடைக்கோடுகளாகத் தெரிகிறது, ஒலியும் வருவதில்லை. தாய்ப்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது எதுவும் கருகியதாகவோ வெடித்ததாகவோ தெரியவில்லை, ஆனால் இலேசான மீன் வாடை அடித்தது. பழுதுபார்ப்பவர் ஒருவர் பலகையிலுள்ள எல்லா கண்டென்சர்களையும் (மின்தேக்கிகளையும்) மாற்றிவிட வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரியா? நானே மாற்றலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த மீன் வாடையே நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எஸ்இ/30 வெளிவந்தது 1989 ஜனவரியில். பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கப்படும் சிறிய அலுமினிய மின்தேக்கிகள் கணினிகளில் பரவலாக இடம்பிடித்த காலம் அது. அவற்றுக்குள் இருந்த மின்பகுளித் திரவத்தில் குவாட்டர்னரி அமோனியம் வகை உப்புகள் சேர்க்கப்பட்டிருந்தன. நாளடைவில் இத்திரவம் எதிர்முனைப் பக்கத்து ரப்பர் அடைப்பைத் தாண்டிக் கசிந்து, கீழேயுள்ள ஈயப் பற்றையும் செம்புத் தடங்களையும் அரிக்கத் தொடங்குகிறது. உங்கள் மூக்குக்கு எட்டியது அந்தத் திரவத்தின் வாடைதான். சால்டரிங் அயர்னை வைத்ததும் அது இன்னும் தூக்கலாக அடிக்கும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரு மின்தேக்கியை மாற்றுவதா, விடுவதா என்பதை அதன் வயதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வகையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பலகை எங்கும் இறைந்து கிடக்கும் சின்னஞ்சிறு செராமிக் மின்தேக்கிகள் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அவற்றைத் தொட்டால் நல்ல தடங்கள் பெயர்வதுதான் மிச்சம். வெள்ளி நிறத் தகர டப்பி வடிவிலுள்ள அலுமினிய மின்தேக்கிகளை மட்டும், பார்வைக்கு நன்றாக இருப்பவை உட்பட, ஒன்று விடாமல் மாற்றுங்கள். எஸ்இ/30 பலகையில் இவை பெரும்பாலும் 47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் அளவுடையவை. இவற்றோடு, படுத்த நிலையில் இருபுறமும் கம்பி நீண்டிருக்கும் பெரிய மின்தேக்கிகளையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது.

பலகையைக் கழற்றியிருக்கிறீர்கள் என்பதால் கணினிக்குள்ளேயே இருக்கும் படக்குழாயின் அபாயத்தை அறிந்திருப்பீர்கள் என நம்புகிறேன். மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். குழாயின் பின்புறக் கழுத்து சிறிது இடிபட்டாலும் உடைந்து, காற்று புகுந்து, குழாயே வீணாகிவிடும். பலகையில் பேட்டரி இன்னும் இருந்தால் முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். அந்தச் சிறிய 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி வெடித்துக் கசிந்தால் மின்தேக்கிகளை விடப் பெரிய நாசத்தைச் செய்யும்.

நீங்களே மாற்றலாமா என்பது உங்கள் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. பழைய மின்தேக்கியைக் குறட்டால் பிடித்து முறுக்கிப் பிய்த்தெடுப்பது விரைவான வழி என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். மின்தேக்கியின் முனை பற்றவைக்கப்பட்டிருக்கும் சிறிய செம்புத் தகடுதான் பேடு. நூற்றில் ஒரு பேடு பெயர்ந்தாலும் அதைச் சீராக்க அரைநாள் பிடிக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கசிந்த திரவம் பட்ட ஈயம் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருக்கும். அயர்னை எவ்வளவு நேரம் வைத்தாலும் அது இளகாது. சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் பேடு உரிந்து வந்துவிடும். மாறாக, இரு முனைகளிலும் ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக இளகிப் பரவ உதவும் பசை) தடவி, ஈயம் கலந்த புதிய சால்டரைத் தாராளமாக ஊற்றினால் பழையதும் புதியதும் கலந்து ஒன்றாக இளகும். அப்போது இரண்டு அயர்ன்களை இரு முனைகளிலும் ஒரே சமயத்தில் வைத்தால் மின்தேக்கி தானாகவே நழுவி வரும். வெப்பக்காற்றுக் கருவியையும் பயன்படுத்தலாம். ஆனால் உள்ளே மிஞ்சிய திரவம் கொதித்து மின்தேக்கி 'டப்' என்று தெறிப்பதுண்டு என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

அடுத்ததுதான் பலர் அவசரப்பட்டு விட்டுவிடும் வேலை. மின்தேக்கியை எடுத்த இடத்திலும் அதைச் சுற்றியுள்ள சில்லுகளின் கால்களுக்கு அடியிலும் திரவம் படர்ந்திருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பழைய பல்துலக்கியால் தேய்த்து, பிறகு காய்ச்சிவடித்த நீரில் பலகையைக் கழுவி, நன்றாக உலரவிட்ட பிறகே புதியவற்றைப் பொருத்துங்கள். கழுவிய மாத்திரத்திலேயே சில எஸ்இ/30 பலகைகள் உயிர்பெற்றுவிடுவது உண்டு. அதை நம்பிப் பழைய மின்தேக்கிகளோடு மூடிவிடாதீர்கள், கசிவு மீண்டும் தொடரும். கழுவியும் மாற்றியும் கோடுகள் மறையவில்லையென்றால் எங்கோ ஒரு தடம் அறுந்திருக்கிறது என்று பொருள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, கசிவு பட்ட பகுதியின் தடங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

புதிதாகப் போடுவதற்கு டான்டலம் மின்தேக்கி நல்ல தேர்வு. அதில் கசிவதற்குத் திரவமே இல்லை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: அலுமினிய மின்தேக்கியின் மேலுள்ள பட்டை எதிர்முனையைக் குறிக்கும், டான்டலத்தின் பட்டையோ நேர்முனையைக் குறிக்கும். மாற்றிப் போட்டால் டான்டலம் தீப்பற்றிக்கொள்ளும். 5 வோல்ட் தடத்துக்கு 16 வோல்ட் டான்டலம் போதும். 12 வோல்ட் தடத்தில் 25 அல்லது 35 வோல்ட் போடுங்கள். 

கேள்வி: எங்கள் பள்ளியின் பொருள் அறையில் பழைய பிபிசி மைக்ரோ கணினி ஒன்று கிடைத்தது. மாணவர்களுக்கு இயக்கிக் காட்ட விரும்புகிறேன். சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: தயவுசெய்து இப்போதைக்குப் போடாதீர்கள். 1984-இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தவை இந்தக் கணினிகள். உங்களுடையதும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். இதன் தாய்ப்பலகை பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். மேக்கின்டாஷில் கண்ட கசிவு நோய் இதற்குக் கிடையாது. வில்லங்கம் பவர் சப்ளை பெட்டிக்குள் இருக்கிறது.

வீட்டு மின்சாரம் உள்ளே நுழையுமிடத்தில், இரைச்சலை வடிகட்டுவதற்காக ரிஃபா நிறுவனத்தின் காகித மின்தேக்கிகளை வைத்திருப்பார்கள். ஒளி ஊடுருவும் மஞ்சள் நிற உறை கொண்டவை. டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் உறையில் மயிரிழை போன்ற விரிசல்கள் தெரியும். அவற்றின் வழியே பல ஆண்டுகளாக ஈரப்பதம் புகுந்து காகிதத்தில் ஊறியிருப்பதால், மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் மின்தேக்கி சூடேறி வெடித்து, வகுப்பறை முழுவதும் நெடிமிக்க புகையைப் பரப்பிவிடும். கணினி மட்டும் பெரும்பாலும் ஒன்றுமே நடவாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் வடிகட்டி இல்லாவிட்டாலும் பவர் சப்ளைக்குக் கேடில்லை.

விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றை மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட் அளவில், 275 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கான 'எக்ஸ்2' என்ற பாதுகாப்புத் தர முத்திரை பெற்ற பிளாஸ்டிக் படல மின்தேக்கிகளையே போட வேண்டும். சாதாரண மின்தேக்கியை இங்கே போடுவது தீவிபத்துக்கு வழிகோலும். பவர் சப்ளையில் உள்ள பெரிய மின்தேக்கியில் 325 வோல்ட் வரை சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், இந்தப் பெட்டியைத் திறப்பதை மட்டும் அனுபவமுள்ள எலக்ட்ரீசியனிடமோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவரிடமோ ஒப்படையுங்கள். வேலை முடிந்து இயக்கும்போது, தாழ்ந்த ஒலியைத் தொடர்ந்து ஒரு கீச்சொலி எழும். தாழ்ந்த ஒலி மட்டும் நிற்காமல் நீடித்தால் கணினி தொடங்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

கேள்வி: பழைய ரேடியோ, டிவி பலகைகளிலிருந்து எடுத்த மின்தேக்கிகளை மல்டிமீட்டரில் சோதித்துப் பயன்படுத்தலாமா? அளவு சரியாகக் காட்டுகிறதே!
– வாசகர், சென்னை

பதில்: வேண்டாம். மல்டிமீட்டர் கொள்ளளவைத்தான் காட்டும்; உள்மின்தடை கூடியிருப்பதைக் காட்டாது. 47 என்று சரியாகக் காட்டும் மின்தேக்கியே கணினிப் பலகையில் போட்டதும் தள்ளாடுவது இதனால்தான். இந்த உள்மின்தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டர் வைத்திருந்தால் அதில் சோதிக்கலாம், என்றாலும் எத்தனை ஆண்டுகள் ஓடியது என்று தெரியாத பொருளைப் பழம்பெரும் கணினியில் பொருத்துவானேன்? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால் புதியவை சில ரூபாய்க்கே கிடைக்கின்றன. 105 டிகிரி செல்சியஸ் என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று பெயர் தெரியாத தயாரிப்புகளை வாங்காதீர்கள். மின்னழுத்த அளவு பழையதை விடக் கூடுதலாக இருந்தால் கேடில்லை, குறையக் கூடாது. உயரத்தை மட்டும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள், மூடி பொருந்த வேண்டும்.