வேப்பெண்ணெயும் நனோ உறையும்

தம்பி, கிளிநொச்சியில் மிளகாய்க்கு அடித்த வேப்பெண்ணெய் மூன்று நாளில் வலுவிழக்கிறது, நனோ உறை (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய உறை) போட்ட மருந்து வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேம்பில் பூச்சியைத் தடுக்கும் பொருளான அசாடிராக்டின் வெயிலிலும் காரத்தன்மையுள்ள தண்ணீரிலும் சிதைந்துவிடும். நனோ உறை அதைக் காக்கும். சில உறைகள் புழுவின் காரமான குடலுக்குள் போனபின்தான் திறக்கும். அருமையான யோசனை, ஆனால் பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூடத்தில்தான் நிற்கிறது. போத்தலில் ‘நனோ’ என்றிருப்பதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

சரி, இப்போதைக்குப் பின்னேரம் வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள், இலையின் அடிப்பக்கமும் நனையட்டும். கிணற்றுத் தண்ணீரை, அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பீஎச் தாளில் பாருங்கள். எங்கள் கிணற்றில் தாள் கடும்பச்சையானது, அதாவது காரத்தன்மை. தேசிக்காய்ப்புளி விட்டு பீஎச் 6 அளவுக்கு இறக்கினேன். அப்புறம், எண்ணெய் தண்ணீரோடு கலக்கச் சவர்க்காரம் போடுவோமல்லவா, புளி விட்ட தண்ணீரில் கட்டிச் சவர்க்காரம் திரைந்து தெளிக்கும் மெசினின் வாயை அடைக்கும். அதற்குப் பதிலாகப் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விடுங்கள்.