டைமிங் பெல்ட்டை மாற்றும்போது வாட்டர் பம்பையும் மாற்றியே ஆக வேண்டுமா?

டைமிங் பெல்ட்டை (பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுக்குக் கொண்டுசெல்லும் பெல்ட்) மட்டும் மாற்றச் சொன்னால், கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார் மெக்கானிக், ஓடிக்கொண்டிருக்கும் பம்பை எதற்காக மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் உங்களை ஏமாற்றவில்லை என்பதே என் பதில். எந்த வண்டி என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் பழைய வண்டி என்பதும், "விற்றுத் தொலையேன்" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லியும் உங்களுக்கு மனம் வரவில்லை என்பதும் கேள்வியிலேயே தெரிகின்றன.

என்னிடம் இருப்பது ஷெவர்லே ஆப்ட்ரா 1.6 பெட்ரோல். அத்தான் வளைகுடாவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன வண்டி. அதற்குச் சற்று முன்னர்தான், பம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு பட்டறையில் பெல்ட்டை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். இந்த எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். எனவே புதுப் பெல்ட்டின் இறுக்கம் முழுவதையும் பம்பின் தேய்ந்துபோன பேரிங் தாங்க வேண்டியதாயிற்று.

பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. உடனே எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் ரேடியேட்டரிலும் ஒழுக்கு இல்லை, குழாய்களிலும் இல்லை. டைமிங் கவரின் அடியிலிருந்து கூலண்ட் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியைக் கட்டி இழுத்து மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக்கிடம் சேர்த்தோம். அவர் பம்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தண்டைப் பிடித்து ஆட்டினால் அது மேலும் கீழும் அசைந்தது. சீல் பழுதானால் கூலண்ட் வெளியேறும் கசிவுத் துளைக்குக் கீழே துருநிறத்தில் உப்புக் காய்ந்து படிந்திருந்தது. உள்ளிருக்கும் இதழ்களின் ஓரங்கள் அரித்து மெலிந்திருந்தன. பெல்ட் பார்வைக்குப் புதிதாகவே இருந்தாலும், கூலண்டில் ஊறியதை மறுபடி மாட்டக்கூடாது என்று அதையும் ஒதுக்கி வைத்தார். "சார், பம்பு, டென்ஷனர், ஐட்லர் எல்லாத்தையும் சேத்தே மாத்திருங்க, பெறவு இதுக்காவ இன்னொருக்கா எஞ்சினப் பிரிக்கப்பிடாது" என்றார். டென்ஷனர் பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது, ஐட்லர் பெல்ட்டின் பாதையில் அதைத் தாங்கும் உருளை.

அவர் சொன்னதன் நியாயம் வேலை நடக்கும்போது கண்ணுக்குத் தெரிந்தது. முன்சக்கரத்தைக் கழற்றி, எஞ்சினுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, வலப்பக்க மவுண்ட்டையும் கிராங்க் புல்லியையும் கவர்களையும் எடுத்த பிறகே பெல்ட் வெளியே வரும். அந்த நிலையில் பம்பை எடுப்பதற்கு மீதமிருப்பவை சில போல்ட்டுகளே. அதோடு, இந்த எஞ்சினில் பம்பின் உடலையே திருப்பித்தான் பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்கிறார்கள். டென்ஷனரின் முள் அதற்குரிய வெட்டில் நிற்கும்வரை திருப்ப வேண்டும். பின்னர் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடியும் நேராக வந்து நிற்கின்றனவா என்று பார்த்தார். இரண்டு சுற்று எதற்கென்றால், கிராங்க் இருமுறை சுற்றினால்தான் கேம் ஒருமுறை சுற்றும். ஒரு பல் தவறினாலும் நேரக்கணக்கு மாறிவிடும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். பிறகு வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டை இறக்காமல் தீராது.

எல்லா வண்டிக்கும் இதுவே விதி என்று நான் சொல்லவில்லை. இன்னோவா 2.5 டீசலில் டைமிங் பெல்ட் உண்டு, ஆனால் பம்பை ஓட்டுவது வெளியே இருக்கும் வேறொரு பெல்ட். ஆகவே அங்கே பம்பைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்விப்ட் 1.3 டீசலில் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாக இருப்பது சங்கிலி. உங்கள் வண்டியில் பம்பை எந்தப் பெல்ட் சுழற்றுகிறது என்று முதலில் கேளுங்கள். டைமிங் பெல்ட்தான் என்றால் யோசிக்காமல் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இதையொட்டி எனக்குள்ள மனக்குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் குளச்சல், முட்டம் போன்ற கடலோரப் பகுதிகளில், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் வழக்கம் இன்னும் போகவில்லை. சில பட்டறைகளிலும் அதையே செய்கிறார்கள். உப்பேறிய அந்தத் தண்ணீர் பம்பின் சீலையும் இதழ்களையும் அரிப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை, பம்பு போன பிறகு வண்டி பழையது என்று பழியை அதன் மீதே போடுகிறார்கள். கூலண்டையும் வாலை வடிநீரையும் (டிஸ்டில்டு வாட்டர்) கலந்து ஊற்றும் செலவு ஒரு பம்பின் விலைக்கு அருகில்கூட வராது. உங்கள் மெக்கானிக்கிடம் இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய பம்பையும் கேட்டு வாங்கி, அதன் தண்டை நீங்களே ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.