அலுவலகப் பையில் அரைக் கிலோ

தினமும் பேருந்திலோ மின்ரயிலிலோ அலுவலகம் சென்று வருபவர், நகரத்தில் திடீரென்று ஏதேனும் நேர்ந்தால் சமாளிப்பதற்காகப் பையில் எப்போதும் எவற்றை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னைவாசி, கிழக்குத் தாம்பரத்தில் வீடு, கிண்டியில் வேலை. ஆகவே இந்தப் பதில் சென்னையின் அனுபவத்திலிருந்து எழுதப்படுவது.

2015 டிசம்பர் 1 அன்று மாலை ஐந்து மணி அளவில் அலுவலகத்திலிருந்து இறங்கினேன். அன்றைய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் பதிவானது என்பதெல்லாம் பிறகு தெரிந்த செய்தி. அப்போது தெரிந்தது, ரயிலும் இல்லை, பேருந்தும் நகரவில்லை, கிண்டியிலிருந்து தாம்பரம் செல்லும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் எல்லோரும் நடக்கிறார்கள் என்பது மட்டும்தான். என் பையில் மடிக்கணினி, காலி டிபன் பாக்ஸ், மின்சாரம் இல்லாத ஊரில் எதற்கும் பயன்படாத சார்ஜர் ஆகியவை இருந்தன. மீனம்பாக்கத்தைத் தாண்டும்போது கைப்பேசி அணைந்துவிட்டது. பல்லாவரத்தில் ஒரு மருந்துக் கடையில் மட்டும் தரைவழித் தொலைபேசி உயிரோடு இருந்தது. கடைக்காரர் பெருந்தன்மையாக அதை என் பக்கம் திருப்பி வைத்தார். அப்போதுதான் என் மனைவியின் எண் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது என்பது உறைத்தது. நினைவில் இருந்த ஒரே எண், நான் சிறுவனாக இருந்தபோது திருநெல்வேலி வீட்டில் இணைப்பு வாங்கிய எண். அப்பா எடுத்தார். "அவ அரை மணிக்கு முன்னாடிதான் பேசினா, மாடி வீட்டுக்காரங்களோட இருக்கா, நீ பதறாம நட" என்றார். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில் இருந்த இரண்டு பேருக்கு அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தவர் இடையில் நின்று தகவல் சொன்னார்.

இதனால்தான் என் பட்டியலில் முதலிடம் ஒரு தாளுக்கு. பாதி அஞ்சலட்டை அளவில் கெட்டியான தாளை வெட்டி, மனைவி, அண்டை வீட்டார், அலுவலகத் தோழர் ஒருவர், வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவர் ஆகியோரின் எண்களையும், என் இரத்த வகையையும், நான் தினமும் உட்கொள்ளும் மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதி, இருபுறமும் அகலமான டேப் ஒட்டிப் பணப்பையில் வைத்திருக்கிறேன். ஜெல் பேனாவில் எழுதினால் ஈரத்தில் கரைந்து நீலக் கறையாகிவிடும், பென்சிலில் எழுதுங்கள். வெளியூர் எண்ணைத் தவறாமல் சேருங்கள், ஏனெனில் உள்ளூர் முழுதும் ஒரே நேரத்தில் முடங்கும்போது வெளியூரில் இருப்பவரே இரு தரப்பின் செய்தியையும் வாங்கிச் சேர்த்து வைக்கக்கூடியவர். 112, 108 ஆகிய இரண்டையும், சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணையும் எழுதத் தேவையில்லை, மனத்தில் நிற்கும்.

அடுத்தது ரொக்கம். 2016 நவம்பர் 8 அன்று ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு ஐந்து வாரம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்து, மின்சாரம் நின்று, அட்டை தேய்க்கும் கருவிகளும் ஏ.டி.எம்.களும் இயங்காத அந்த நாட்களில், கையில் புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு இருந்தும் ஒரு பாக்கெட் பால் வாங்க முடியாமல் நான் திரும்பியிருக்கிறேன். சில்லறை எவரிடமும் இல்லை. இன்று நிலைமை வேறு வடிவத்தில் அதேதான். யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்த உங்கள் கைப்பேசியில் சார்ஜ், பகுதியில் டவர், வங்கியின் சேவை ஆகிய மூன்றும் ஒருசேர வேலை செய்ய வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் எங்கள் தெருவில் மூன்று நாள் இவற்றில் எதுவும் இல்லை. நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று பிரித்து ஐந்நூறு ரூபாயை ஒரு ஜிப் கவரில் போட்டு, பணப்பையில் அல்லாமல் பையின் அடியில் வையுங்கள். பணப்பையில் வைத்தால் மறுநாளே தேநீருக்கும் ஆட்டோவுக்கும் போய்விடும் என்பது என் சொந்த அனுபவம்.

பவர் பேங்க் எல்லோரும் சொல்வதுதான். அதன் கணக்கை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 10,000 எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருப்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்தின் அளவு, அதாவது 37 வாட்-மணி. வோல்டேஜை உயர்த்தி வெளியே தரும்போது இதில் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகும். 5,000 எம்.ஏ.எச். கைப்பேசியை ஒருமுறை முழுதாகவும், மறுமுறை கால்வாசிக்குச் சற்று மேலாகவும் ஏற்றலாம், அவ்வளவே. அதற்கு மேற்பட்ட கொள்ளளவு வேண்டும் என்று கனமானதை வாங்கினால், ஒரு மாதத்தில் அதை வீட்டு மேசையில் விட்டுவிட்டு வரத் தொடங்குவீர்கள். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். உப்பியிருந்தால் தயக்கமின்றிக் கழித்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியில் வைக்காதீர்கள்.

கைப்பேசியில் டார்ச் இருக்கும்போது தனி டார்ச் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, மிச்சமிருக்கும் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும் என்பதே என் பதில். ஒற்றை பென்சில் பேட்டரியில் எரியும், விரல் நீள டார்ச் போதும். அதனோடு ஒரு பிளாஸ்டிக் விசில். லிஃப்டில் சிக்கினாலோ, இடிபாட்டுக்குள் அகப்பட்டாலோ, தொண்டை பத்து நிமிடத்தில் கட்டிவிடும். விசிலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மூன்று முறை ஊதி, நிறுத்தி, மீண்டும் மூன்று முறை ஊதுவது உதவி கோரும் அடையாளம்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது குடையைப் பற்றி. மடக்குக் குடை அல்ல, தாத்தாக்கள் வைத்திருந்த, நீளக் காம்பும் கூர்முனையும் உள்ள கறுப்புக் குடை. முழங்கால் அளவு கலங்கிய நீர் நிற்கும் தெருவில், மழைநீர் வடிகாலின் மூடி திறந்திருக்கிறதா என்பதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. 2015இல் குரோம்பேட்டைக்கு அருகே எனக்கு முன்னால் சென்ற ஒரு பெரியவர், குடையை மடக்கிப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தரையைக் குத்திப் பார்த்து, தட்டுப்பட்டால் மட்டும் காலை எடுத்து வைத்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் அவர் பின்னால் வரிசையாக நடந்தோம். ஓரிடத்தில் குடை பாதிக்கு மேல் உள்ளே இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் இடப்பக்கம் விலகினார், நாங்களும் விலகினோம். அதே காரணத்தால் சாலையின் நடுப்பகுதியை ஒட்டி நடப்பதும், தெருவிளக்குக் கம்பத்தையும், பில்லர் பாக்ஸ் எனப்படும் சாலையோர மின்சாரப் பெட்டியையும் நெருங்காமல் இருப்பதும் அவசியம். நீரில் மின்கசிவு இருந்தால் குடை காப்பாற்றாது.

மருந்தில், நீங்கள் வழக்கமாக உட்கொள்வதில் மூன்று நாளுக்கானது போதும். அட்டையை வெட்டி எடுக்கும்போது காலாவதித் தேதி அச்சிட்ட ஓரத்தை விட்டுவிடாமல் வெட்டுங்கள். கால் லிட்டருக்கும் குறைவான நீரில், அதாவது 200 மில்லியில் கரைக்கும் சிறிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வைத்திருக்கிறேன். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது, அதைக் குறைந்த நீரில் கரைத்துக் குடிப்பது நன்மை செய்யாது. காயத்துக்குப் பிளாஸ்டர் சிலவும், பெரிய பருத்திக் கைக்குட்டை ஒன்றும். இரத்தம் கொட்டினால் மடித்த துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிப்பதே முதல் வேலை. வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால், காலில் சிராய்ப்பு இருந்தால் நீரில் இறங்கும் முன் அதை மூடுங்கள். பின்னர் காய்ச்சல் கண்டால் வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அரை லிட்டர் தண்ணீர், இரண்டு கடலை மிட்டாய். பெண்களுக்கு நாப்கினும் ஊக்குகளும் வேண்டும் என்று மனைவி சேர்க்கச் சொன்னார்; அவருடைய பையில் ஊக்கு இதுவரை அறுந்த செருப்பு வாருக்கே அதிகம் பயன்பட்டிருக்கிறது.

இனி, நான் வாங்கி வைத்துப் பிறகு எடுத்துவிட்டவை. காணொளிகளைப் பார்த்து, பன்முகக் கத்தி, பாராசூட் கயிற்றில் முடைந்த கைவளையம், தீப்பொறி உண்டாக்கும் கோல் ஆகியவற்றை ஒரு காலத்தில் வாங்கினேன். மெட்ரோ நிலையச் சோதனையில் கத்தியைப் பற்றி விளக்கம் சொல்லிச் சலித்தது ஒருபுறம் இருக்க, தீமூட்டிச் சமைக்கவோ கயிறு கட்டிக் கூடாரம் போடவோ கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் இடையே எனக்கு ஒருநாளும் தேவை எழவில்லை. அவை காட்டில் வழிதவறியவருக்கு உரியவை. நகரத்தில் நாம் வழிதவறுவதில்லை. தெரிந்த வழியில், விளக்கும் தொடர்பும் சில்லறையும் இல்லாமல் வீட்டுக்குப் போகத் திண்டாடுகிறோம்.

தண்ணீரையும் குடையையும் தவிர்த்து, மேலே சொன்ன அனைத்தையும் சமையலறைத் தராசில் வைத்தபோது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரம் தொடங்குவதால், அதை ஒட்டி வரும் ஆயுத பூஜை அன்று பையைக் கவிழ்த்துச் சோதிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கடலை மிட்டாய் காறியிருக்கும், மாத்திரை காலாவதியாகியிருக்கும், ஐந்நூறில் நூறைக் காணோம் என்றிருக்கும். சென்ற முறை டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்து வெள்ளை பூத்திருந்தது. இப்போது ஆண்டுதோறும் புது பேட்டரி போடுவதோடு, வீணாகத் தீராதிருக்க அதற்கும் தகட்டுக்கும் இடையே ஒரு துண்டுக் காகிதம் வைக்கிறேன். இருட்டில் மூடியைத் திருகி அந்தக் காகிதத்தை எடுக்க முடிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தேன். முதல் முறை பேட்டரி கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடியது.